கேள்வித்தாளில் ஒரு ஆள், பற்று நோட்டில் இன்னொரு ஆள்

“யோசித்துத்தான் செலவு செய்வேன்.” “புதிதாக ஒரு பொருள் வந்தால் முதல் ஆளாக வாங்கிப் பார்ப்பேன்.” “அடுத்தவர் என்ன நினைப்பார் என்று பார்த்துத்தான் துணி எடுப்பேன்.” இப்படி முப்பது நாற்பது வாக்கியங்களை வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஒரு எண்ணைச் சொல்லச் சொல்வதுதான் நுகர்வோர் ஆளுமை சர்வே. கூட்டிக் கழித்துப் பார்த்து, பதில் சொன்னவருக்கு ஒரு பெயர் சூட்டுவார்கள்: சிக்கனக்காரர், புதுமை விரும்பி, அந்தஸ்து பார்ப்பவர், மரபை விடாதவர். அந்தப் பெயரை நம்பி சோப்பு கம்பெனி விளம்பரம் எடுக்கிறது, பைக் கம்பெனி ஷோரூமுக்கு இடம் பார்க்கிறது, கடன் கொடுப்பவர்கள்கூட யாருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள்.

அந்தப் பெயருக்கும் அவர் மடியிலிருந்து பணம் போகும் விதத்துக்கும் எவ்வளவு தொடர்பு? பெரிய கூட்டத்தின் சராசரியைப் பற்றி ஓரளவு தெரியும். தனி ஆளைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் தெரியும். தொண்டியிலிருந்து சாயல்குடிப் பக்கம் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் அந்தக் கொஞ்சமும் தேய்ந்துபோகிறது. இங்குள்ளவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. மாதம் பிறந்தால் சம்பளம், ஒரு ஆளுக்கு ஒரு பணப்பை, பிடித்ததை எடுக்க நாலு கடை என்று இருக்கும் வீட்டை மனத்தில் வைத்து எழுதிய கேள்விகள் அவை. அப்படிப்பட்ட வீடு இந்தக் கரையில் குறைவு.

முதலில் இந்த சர்வேக்களின் பூர்வீகம். மில்டன் ரோக்கீச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1973இல் விழுமியங்களை இரண்டு பட்டியல்களாக, பட்டியலுக்கு 18 வீதம், கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். வாழ்க்கையில் எதை அடைய வேண்டும் என்பது ஒரு பட்டியல், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. 1978இல் எஸ்ஆர்ஐ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் ஆர்னால்ட் மிட்செல் ‘வால்ஸ்’ என்ற வகைப்பாட்டைக் கொண்டுவந்தார். 1989இல் அதைத் திருத்தி எட்டு வகையாக்கினார்கள். மனத்தை உந்துவது எது, கையில் என்ன வசதி இருக்கிறது என்ற இரண்டு அளவுகளில் ஆட்களைப் பிரிப்பது அதன் முறை. இன்றைக்குப் புழங்கும் பல கேள்வித்தாள்கள் ‘பெரிய ஐந்து’ எனப்படும் பண்புகளை அளக்கின்றன: புதியதை ஏற்கும் மனம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். எல்லாமே அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடம் உருவாக்கிச் சோதித்துப் பார்த்தவை.

வகை பிரிப்பதில் ஒரு கோளாறு உண்டு. அறிக்கையில் அது கண்ணில் படாது. மதிப்பெண் தொடர்ச்சியாக ஓடும் ஒரு கோடு. அந்தக் கோட்டை 3.2 என்ற இடத்தில் வெட்டினால் 3.1 எடுத்தவர் ‘செலவாளி’, 3.3 எடுத்தவர் ‘சிக்கனக்காரர்’. பெரும்பாலோர் கோட்டின் நடுப்பகுதியில்தான் நிற்பார்கள் என்பதால், இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்டால் கணிசமான பேர் வகை மாறிவிடுவார்கள். அவர்கள் குணம் மாறியிருக்காது. வெட்டிய கோடு அவர்கள் மேல் போனதுதான் காரணம்.

சரி, கணிப்பு எவ்வளவு பலிக்கிறது? 1959இல் ஃபிராங்க்ளின் எவன்ஸ் அமெரிக்காவில் ஃபோர்டு கார் வைத்திருப்பவர்களையும் செவ்ரோலே வைத்திருப்பவர்களையும் உளவியல் தேர்வில் உட்கார வைத்தார். மன இயல்பை மட்டும் பார்த்து யாரிடம் எந்தக் கார் என்று ஊகித்ததில் 100க்கு 63 சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டினாலே 50 சரியாக வரும். வயது, வருமானம் போன்ற வெறும் புறத் தகவல்களே மன இயல்பைவிடக் கொஞ்சம் நன்றாக ஊகித்தன. 1971இல் ஹெரால்ட் கசார்ஜியன் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, முடிவுகள் இரண்டுங்கெட்டானாக இருக்கின்றன என்று எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1968இல், வால்டர் மிஷல் எல்லா வகை நடத்தைக்கும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: ஆளுமைத் தேர்வுக்கும் குறிப்பிட்ட ஒரு செயலுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பின் பலத்தைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) சாதாரணமாக 0.30ஐத் தாண்டுவதில்லை.

0.30 என்றால் நடைமுறையில் என்ன? 200 குடும்பங்களை எடுத்து, சிக்கன மதிப்பெண்ணில் மேல் பாதி 100, கீழ்ப் பாதி 100 என்று பிரிப்போம். மேல் பாதியில் உள்ள 100 குடும்பங்களில் உண்மையாகவே நடுமட்டத்துக்கு மேல் சேமிப்பவை சுமார் 60. மீதி 40 குடும்பங்களுக்கு ‘சிக்கனம்’ என்ற பட்டம் தப்பு. கெழு 0.10 என்றால் 53க்கு 47. கேட்ட ஆட்கள் போதிய அளவு இருந்தால் இதுவும் ஆய்வு அறிக்கைகளில் ‘புள்ளியியல்படி முக்கியமான தொடர்பு’ என்றுதான் அச்சாகும். 10,000 பேரிடம் கேட்டால் 0.03கூட அந்தத் தகுதியைப் பெற்றுவிடும். அறிக்கையைக் கையில் வாங்குபவர் கெழு எவ்வளவு என்று கேட்காமல் ‘தொடர்பு உண்டு’ என்ற வரியோடு திருப்தி அடைவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

பின்னால் வங்கிக் கணக்குகளையே எடுத்துப் பார்த்தார்கள். 2016இல் பிரிட்டனில் 625 பேரின் 76,000க்கும் மேற்பட்ட பணப் பரிமாற்றங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தங்கள் குணத்துக்கு ஒத்த விஷயங்களில் செலவு செய்தவர்கள் கூடுதல் மனநிறைவைச் சொன்னார்கள். 2019இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சுமார் 20 லட்சம் செலவுப் பதிவுகளிலிருந்து குணத்தை ஊகிக்கப் பார்த்தார்கள். பெரிய ஐந்து பண்புகள் மங்கலாகத்தான் பிடிபட்டன. பொருளாசை, சுயக்கட்டுப்பாடு போன்ற குறுகிய பண்புகள் அவற்றைவிடத் தெளிவாகத் தெரிந்தன. ஆக, தொடர்பே இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. ஆனால் அந்த ஆய்வுகள் ஒரு கணக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டவை. பாம்பனில் மகன் போனில் இருக்கும் ஜிபேயில்தான் அப்பாவின் மீன்பிடிப் பங்குப் பணமும் அம்மா கடல்பாசி எடுத்த பணமும் வந்து விழுகின்றன. அந்தக் கணக்கை வைத்து யாருடைய குணத்தை அளப்பது?

இனி இந்தக் கரையின் காசு ஓட்டம். விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பாடு (வலையில் மீன்) விழுந்தால்தான் பங்கு. கணக்கு புரிய ஓர் உதாரணம்: கடலுக்குப் போய்வந்த ஒரு நடைக்கு மீன், இறால், நண்டு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். டீசல், ஐஸ், சாப்பாடு, ஏலக் கமிஷன் 46,000 போனால் மீதி 14,000. அதில் பாதி படகுக்கு. மறு பாதியை ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு 1,400. பங்கு பிரிக்கும் விகிதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். அடுத்த நடையில் 44,000க்குப் போனால் செலவுக்கே கட்டவில்லை; பங்கு பூஜ்யம். வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு நிலை, தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வேறு நிலை. இந்த வீட்டில் போய் ‘மாத வருமானம் எவ்வளவு’ என்று கேட்டால் ஏதோ ஓர் எண் வரும், மரியாதைக்காக. அந்த எண்ணைப் பகுதி எண்ணாக வைத்து ‘வருமானத்தில் செலவு விகிதம்’ போட்டால் அது காற்றில் கட்டிய கணக்கு.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள்: பலகை மாற்றுவது, பெயிண்ட், இன்ஜின் வேலை, வலை. படகு உரிமையாளருக்கு வருமானம் நின்றுபோன மாதங்களில்தான் செலவு உச்சத்தில் இருக்கும். தடை முடியும் அதே ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கேட்பார்கள். மே மாதம் சர்வே எடுத்தால் அந்த ஆள் கடன் வாங்கிச் செலவழிக்கும் ஊதாரி. பிப்ரவரியில் எடுத்தால் கடனை அடைத்துவரும் பொறுப்பானவர். ஆள் அதே ஆள்தான். ‘நான் திட்டமிட்டுச் செலவு செய்பவன்’ என்ற வாக்கியத்துக்கு அவர் மே மாதம் சொல்லும் எண்ணில் குணம் பாதி, மாதம் பாதி.

அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. இதோடு சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. மீனவர் ஒன்பது மாதத்தில் 1,500 ரூபாய் கட்டுவார். மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திரும்ப வரும். போட்டதற்கு மூன்று மடங்கு கிடைக்கும் திட்டத்தில் சிக்கனக்காரரும் சேருவார், செலவாளியும் சேருவார். ‘சென்ற ஆண்டு ஏதாவது திட்டத்தில் சேமித்தீர்களா’ என்ற கேள்விக்கு ஊரே ‘ஆமாம்’ என்று சொல்லும்போது அந்தக் கேள்வியால் யாரையும் பிரித்தறிய முடியாது. சூழ்நிலையின் பிடி இறுகினால் குணத்துக்கு வேலை குறையும் என்பது உளவியலில் பழைய பாடம். இந்தக் கரையில் பெரிய செலவுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இறுகிய சூழ்நிலைகளில்தான் நடக்கின்றன.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் மீனை அவரிடம்தான் போட வேண்டும். விலை ஒத்துவரவில்லை என்று வேறு ஆளிடம் போக முடியாது. இதை ‘விலை பார்க்காதவர்’ என்று எழுதினால் தப்பு. மளிகையும் அப்படித்தான். பற்று வைக்க விடும் கடை எதுவோ அங்கேதான் சாமான். அந்தக் கடையில் எந்த டீத்தூள், எந்த ஷாம்பு சாஷே தொங்குகிறதோ அதுதான் வீட்டுக்கு வரும். மூன்று ஆண்டாக ஒரே பிராண்ட் வாங்கும் குடும்பத்தை ‘பிராண்ட் விசுவாசி’ என்று சர்வே வகைப்படுத்தும். அந்த விசுவாசம் நோட்டில் எழுதிக்கொள்ளும் கடைக்காரருக்கானது. அவர் ஏஜென்ஸியை மாற்றினால் அடுத்த வாரமே தெருவின் பிராண்ட் மாறும். விநியோகஸ்தர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சர்வே எடுத்தவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வேறு சிக்கல். சம்பாதிப்பவர் வளைகுடாவில், வாட்ஸ்அப்பில் முடிவெடுப்பவரும் அவரே சில விஷயங்களில், செலவழிப்பவர் இங்கே. வீட்டுக்கு ஏசி வாங்கியது யாருடைய விழுமியம்? கேள்விக்குப் பதில் சொல்வது வீட்டிலிருக்கும் மனைவியோ மாமனாரோ. பதிலில் வருவது ஒருவருடைய மனம், பில்லில் வருவது இன்னொருவருடைய தீர்மானம். இந்த ஊர்களில் நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ரம்ஜானும் ஏர்வாடி சந்தனக்கூடும் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். இரண்டு ஆண்டுகளில் ஒரே ஆங்கில மாதத்தில் எடுத்த கணக்கை ஒப்பிட்டு ‘துணிச் செலவு கூடிவிட்டது’ என்றால் பண்டிகை நகர்ந்ததைத்தான் கண்டுபிடித்திருக்கிறோம்.

இந்தியச் சந்தை ஆய்வில் பல ஆண்டுகளாகப் புழங்கிவருவது 2011இல் வந்த புதிய நுகர்வோர் வகைப்பாடு. அது மனத்தைத் தொடவே தொடாது. இரண்டே கேள்வி: வீட்டின் முக்கிய வருமானக்காரர் எதுவரை படித்தார், பட்டியலில் உள்ள 11 பொருட்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன. மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம். இதை வைத்து ஏ1 முதல் ஈ3 வரை 12 படிகள். எளிமையாக இருக்கிறது, பொய் சொல்ல இடமில்லை. ஆளுமை சர்வேயைவிட இது நம்பகமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். அரை ஏக்கர் கருவேலங்காடு இருந்தாலும் ‘விவசாய நிலம்’ ஒன்று ஏறும். பல லட்ச ரூபாய் மதிப்புள்ள விசைப்படகு கணக்கில் கிடையாது. வள்ளம், இன்ஜின், வலை எதுவும் கிடையாது. எட்டாம் வகுப்பு படித்த படகு உரிமையாளர் கீழ்ப் படியில் போய் உட்காருகிறார். அவர் ஆண்டுக்குப் புரட்டும் பணத்தில் பாதியைக்கூடப் பார்க்காத பட்டதாரி குமாஸ்தா அவருக்கு மேலே.

கேள்வி கேட்கும் இடத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். நல்ல பெயர் கிடைக்கிற மாதிரி பதில் சொல்வது எல்லா ஊரிலும் உள்ளதே. 1960இலேயே கிரவுன், மார்லோ இருவரும் அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் செய்தார்கள். இங்கே வீட்டு வாசலில் கேள்வி கேட்டால் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் நிற்பார்கள், மகளிர் குழுத் தலைவி நிற்பார். கணவர் குடிக்குச் செலவழிப்பதை அங்கே யார் சொல்வார்? மது, புகையிலைச் செலவு வீட்டுக் கணக்கெடுப்புகளில் குறைத்துச் சொல்லப்படுவது உலகமறிந்த விஷயம். இரண்டாவது, தலையாட்டுவது. வந்தவர் படித்தவர், கையில் டேப்லெட் வைத்திருக்கிறார். வாசிப்பதற்கெல்லாம் ‘ஆமாம் சார்’. ‘பணத்தைச் சேர்த்து வைப்பேன்’ என்பதற்கும் ஆமாம், ‘கையில் காசு நின்றதில்லை’ என்பதற்கும் ஆமாம். இரண்டாவது ஆமாம்தான் அனேகமாக உண்மை.

வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் 23இல் 94,000க்கும் மேற்பட்டவர்களின் பதில்களை எடுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ‘பெரிய ஐந்து’ பண்புக் கேள்விகள் நேரில் வாசித்துக் கேட்கும்போது அளக்க வேண்டிய பண்பை அளக்கவில்லை என்று காட்டியது. ஒரே பண்புக்கான கேள்விகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இந்தக் கரையில் கேட்பதும் அந்த முறையில்தான். கருவி இப்படி ஆடினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உண்மையான தொடர்பு 0.50 என்றே வைப்போம். ஆளுமை மதிப்பெண்ணின் நம்பகம் (திரும்ப அளந்தால் அதே எண் வரும் அளவு; 1 என்றால் முழுமை) 0.5, செலவுக் கணக்கின் நம்பகம் 0.6 என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: சுமார் 0.55. உண்மையான 0.50ஐ இதால் பெருக்கினால் கையில் கிடைக்கும் தொடர்பு 0.27. பலவீனமான தொடர்பைப் பார்த்தவுடன் ‘மனத்துக்கும் செலவுக்கும் சம்பந்தமில்லை’ என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான்.

எதிர்ப்பக்கம், அதாவது செலவுக் கணக்கு மட்டும் அப்பழுக்கில்லாததா? இல்லை. நினைவிலிருந்து சொல்லும்போது போன தீபாவளிக்கு முன் வாங்கிய ஃபிரிட்ஜ் ‘இந்த ஆண்டு’க்குள் நுழைந்துவிடும், பெரிய செலவு மனத்தில் கிட்டே வந்து நிற்கும். டீக்கடைச் செலவு மறைந்துபோகும். கேட்கும் காலவரம்பு மாறினாலே விடை மாறும். 1999–2000இல் தேசிய மாதிரி ஆய்வு உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டது. ஒரு விடை இன்னொன்றை இழுத்துக்கொண்டது. அந்தச் சுற்றின் வறுமைக் கணக்கைப் பழைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாமல் ஆண்டுக்கணக்கில் சர்ச்சை நடந்தது. 2022–23 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் உணவு, அன்றாடப் பொருட்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருட்கள் என்று கேள்வித்தாளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதங்களில் மூன்று முறை போனார்கள். களைப்பைக் குறைக்க அது நல்ல வழி.

விழுமியத்தைச் செலவில் தேடுவது இன்னும் நுட்பமான வேலை. எதற்கு அதிகம் செலவானதோ அதுதான் உயிர் என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கரை மக்களின் தலையாய விழுமியம் டீசல் என்றாகிவிடும். தொகையைப் பார்ப்பதைவிட வரிசையைப் பார்ப்பது பலன் தரும். தடைக்காலம் தொடங்கியதும் முதலில் எதை நிறுத்தினார்கள், கடைசி வரை எதை நிறுத்தவில்லை? அடகுக்கு முதலில் போன நகை எது, கை நிறைந்ததும் முதலில் மீட்டது எது? பிள்ளையின் ஃபீஸுக்கா, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாப் பயணத்துக்கா, மச்சான் வீட்டு மொய்க்கா, எதற்காக வட்டிக்கு வாங்கவும் துணிந்தார்கள்? நெருக்கடியில் மனிதர் வெட்டும் வரிசையில் அவர் மதிப்பது தெரியும். ‘குடும்பம் எனக்கு முக்கியம்’ என்ற வாக்கியத்துக்கு ஊரில் எல்லோரும் 5 போடுவார்கள். அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசமே வராது, வித்தியாசம் வராத கேள்வியை வைத்து எதையும் கணிக்க முடியாது. மொய்யைச் செலவு என்று எழுதுவதா, சேமிப்பு என்று எழுதுவதா என்று ஆய்வாளரே முதலில் தீர்மானிக்க வேண்டும். செய்தது நோட்டில் இருக்கிறது, திரும்பி வரும். எங்கள் கருத்தில் அது பாதிக்கு மேல் சேமிப்பு.

இந்தக் கரையில் குணத்துக்கும் செலவுக்கும் உள்ள உறவை உருப்படியாக அளக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம்.

முதலில் ஆட்களின் எண்ணிக்கை. ஒரு விகிதத்தை 5 புள்ளி கூடக்குறைய அறிய, முற்றிலும் குலுக்கிப் போட்டு எடுத்தால் 385 வீடு போதும். ஆனால் ஊர் ஊராகப் போய்க் கொத்துக் கொத்தாக எடுக்கும்போது ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். ஆகவே இரண்டு மடங்கு, சுமார் 770 வீடு வேண்டும். 400 வீட்டை எடுத்து எட்டு வகையாகப் பிரித்தால் வகைக்கு 50. பிழை எல்லை 14 புள்ளி. ‘புதுமை விரும்பிகளில் 40 சதவீதம்’ என்று எழுதியிருந்தால் அது 26ஆகவும் இருக்கலாம், 54ஆகவும் இருக்கலாம். வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது விசைப்படகு உரிமையாளர், விசைப்படகுக் கூலி, நாட்டுப்படகு, பாசி எடுப்பவர், கருவாட்டுத் தொழில், வெளிநாட்டுப் பணம் வரும் வீடு, பனைத் தொழில், மிளகாய் விவசாயம் என்று தொழிலை முதலில் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவில் மட்டும் எடுத்துவிட்டு மாவட்டக் கரை முழுவதற்கும் பேசக் கூடாது. வடகடல், தென்கடல் இரண்டும் வர வேண்டும்.

ஆளுமைக் கேள்வி 20ஐத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு பண்புக்கும் நேர் வாக்கியம் பாதி, எதிர் வாக்கியம் பாதி வைத்தால் தலையாட்டுபவர் பிடிபடுவார். ஆனால் எதிர் வாக்கியத்தில் ‘அல்ல’, ‘இல்லை’ போடாதீர்கள். ‘யோசிக்காமல் செலவு செய்பவன் அல்ல’ என்பதற்கு ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பதில் வந்தால் கேட்டவருக்கே புரியாது. ‘கையில் காசு வந்தால் அன்றே கரைந்துவிடும்’ என்று நேராக எழுதலாம். ஐந்து எண்களை வாய்மொழியாக வாசித்தால் முதலும் கடைசியும்தான் காதில் நிற்கும். 20 புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, “கூடுதலாகக் கிடைத்த 2,000 ரூபாயை இந்த ஐந்து காரியத்துக்குப் பிரித்து வையுங்கள்” என்று கேட்பது மேல். கொட்டை தீர்ந்துவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் 5 போட வழியில்லை. 50 பேரிடமாவது இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு, எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய சர்வேக்குப் போக வேண்டும்.

செலவை ஆண்டுக்கு நான்கு முறை, முறைக்கு 14 நாள், குறிப்பேட்டில் எழுதச் சொல்ல வேண்டும்: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். பத்திகள் நான்கு போதும். என்ன, எவ்வளவு, யார் கையால் போனது, எந்தப் பணம். கடைசிப் பத்திதான் உயிர்நாடி: ரொக்கமா, பற்றா, ஜிபேயா, சீட்டுப் பணமா, அடகு வைத்ததா, முன்பணமா. இரண்டாவது வாரத்தில் எழுதுவது குறைந்துகொண்டே வரும். முதல் வாரச் சராசரியைவிட இரண்டாம் வாரம் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அது சிக்கனமா சலிப்பா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எழுதச் சிரமப்படுபவர் இரவில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். கடல் போகும் நாட்களில் ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். அன்று பெண்களிடம் தனியே கேட்க அதுவே நல்ல நேரம். வீட்டுக்கு ஒரு பதில் வாங்கி நிறுத்தாமல் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியே கேட்டு, இரண்டு தொகைக்கும் உள்ள இடைவெளியை அழிக்காமல் அப்படியே பதிவு செய்ய வேண்டும். மளிகைக் கடைப் பற்று நோட்டை, குடும்பத்தார் எழுத்தில் சம்மதம் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்க்கலாம். போன் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு விற்பனை அழைப்பு வந்தால் அடுத்த சுற்றுக்கு அந்தத் தெருவில் ஒரு வீடும் கதவு திறக்காது. குறிப்பேடு எழுதியவர்களுக்கான ஊதியத்தைச் சுற்றுக்குச் சுற்று, முடிந்த கையோடு கொடுத்துவிட வேண்டும்.

கணக்குப் போடும்போது ஒரு மாதச் செலவை ஒரு மதிப்பெண்ணோடு ஒட்டாமல் நான்கு சுற்றையும் சேர்த்துக் கூட்டி ஒட்டுங்கள். ஒரு நாள் நடத்தையைக் கணிக்கத் தவறும் அதே குணம், பல நாள் நடத்தையின் கூட்டுத்தொகையை நன்றாகவே கணிக்கும் என்று 1979இல் சீமோர் எப்ஸ்டீன் காட்டினார். சேமிப்பு போன்ற விஷயங்களில் ஒழுங்கு என்ற பண்பு அப்படித்தான் தன்னை வெளிப்படுத்துகிறது. எதிர்காலத்தைக் கேட்பதென்றால் செயல், இடம், காலம் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘சிக்கனம் பிடிக்குமா’ என்பதைவிட ‘ஜூன் 15க்குப் பிறகு முதல் மூன்று பங்கில் அஞ்சலக ஆர்டியில் ஏதாவது போடுவீர்களா’ என்பது நன்றாகக் கணிக்கும். முதல் கேள்விக்குப் பதில் மனநிலை, இரண்டாவதுக்குப் பதில் ஒரு திட்டம்.

வேறொருவர் எடுத்த அறிக்கை கையில் வந்தால், வண்ணப் படங்களைப் பார்க்கும் முன் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். எந்த மாதம் எடுத்தது? பதில் சொன்னது வீட்டில் யார், பக்கத்தில் யார் இருந்தார்கள்? திரும்பக் கேட்டதில் எத்தனை பேர் வகை மாறினார்கள்? கெழு எவ்வளவு, செலவை யாராவது எண்ணினார்களா அல்லது செலவும் வாய்ச்சொல்லா? தொழில், வீட்டு ஆட்கள், கடன் இவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு ஆளுமை மதிப்பெண் கணிப்பில் கூடுதலாக எவ்வளவு சேர்த்தது? கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால், அந்த அறிக்கையை விளம்பர வாசகம் எழுதுபவரிடம் கொடுக்கலாம். மண்டபத்திலும் தேவிபட்டினத்திலும் எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன், எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்று தீர்மானிப்பவரிடம் கொடுக்க வேண்டாம்.